பெயரைக் காலி செய்கிறேன்

கடலில் இருக்கும் என் மகனுக்குக் கரையில் இருக்கும் உன் அப்பா எழுதுவது. உனக்கு நீண்ட ஆயுளும், நீ பராமரிக்கும் கப்பல் இயந்திரங்களுக்கு அதைவிட நீண்ட ஆயுளும் உண்டாகட்டும். இங்கே நான், உன் அம்மா, உன் மனைவி, உன் மகன் ஆகிய நால்வரும் உடம்பளவில் சௌக்கியம். மனத்தளவில் எப்படி என்பதைக் கீழே விவரித்திருக்கிறேன். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

உன் உறை வந்து சேர்ந்தது. முப்பது வருடத்துக்கு மேல் தபால் இலாகாவில் ஆள் கிடைக்காத கடிதங்களின் பிரிவில் வேலை பார்த்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். 'வீடு மாறிவிட்டார்', 'அப்படி ஒருவர் இல்லை', 'காலமானார்', 'ஏற்க மறுத்தார்' என்று நான்கு ரப்பர் முத்திரைகள் என் மேசையில் எப்போதும் இருக்கும். அவற்றில் கடைசி முத்திரை மட்டும் இப்போது கையில் இருந்திருந்தால் உன் உறையின் நெற்றியில் அதைக் குத்தி, வந்த வழியே கடலுக்கு அனுப்பியிருப்பேன். அதற்குள் உன் அம்மா பிரித்துவிட்டாள். உள்ளே ஒரு கடிதம். 'பையன் பெயரை உடனே மாற்றிவிடுங்கள், இனியும் தாமதிக்க வேண்டாம்' என்று அதில் ஒரே வரி. கூடவே, உன் சார்பில் நானே விண்ணப்பிக்கலாம் என்று நீ கையெழுத்திட்டு, உன் கப்பல் தலைவரிடம் முத்திரையும் வாங்கிய சம்மதக் கடிதம். உன் மனைவி நின்ற இடத்திலேயே பேனாவைத் திறந்து அதன் அடியில் தன் கையெழுத்தையும் போட்டாள். ஒரு மனிதனின் பெயரைப் பறிக்க இரண்டு கையெழுத்தும் ஒரு முத்திரையும் போதும் என்று நீங்கள் இருவரும் நினைத்துவிட்டீர்கள். அந்த மனிதனுக்கு வயது ஆறுதான் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் அவனுக்காக நான் பேச வேண்டியிருக்கிறது.

என் பதில்: மாற்ற மாட்டேன். காரணங்களைக் கேள்.

நம் குடும்பத்தில் ஆண்களுக்கு இரண்டே பெயர்கள். மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயர், அவன் மூத்த மகனுக்கு அவனுடைய தாத்தாவின் பெயர். இரண்டே சட்டை வைத்திருப்பவன் ஒன்றைத் துவைக்கும்போது மற்றதை உடுத்துவதைப் போல, நம் முன்னோர்கள் இந்த இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றி உடுத்தி வந்திருக்கிறார்கள். என் அப்பாவின் பெயர் உனக்கு, என் பெயர் உன் மகனுக்கு. ஒரே பெயருள்ள இரண்டு பேரைப் பிரித்துக் காட்டத்தான் தலைப்பெழுத்து என்ற ஒன்றை வைத்தார்கள். நம் வீட்டில் அதுவும் பலிக்கவில்லை. என் தலைப்பெழுத்து என் அப்பாவுடையது; உன் மகனின் தலைப்பெழுத்து உன்னுடையது; நீயும் என் அப்பாவும் ஒரே பெயர். ஆக, பெயரும் தலைப்பெழுத்தும் கதவு எண்ணும் தெருவும் ஒன்றாகவே அமைந்த இரண்டு பேர் ஒரே கூரையின்கீழ் இருக்கிறோம். முற்காலத்தில் இதனால் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை. பேரன் எழுதப் படிக்கக் கற்பதற்குள் தாத்தா மரியாதையாகப் போய்ச் சேர்ந்துவிடுவார். பெயர் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்கும். நான்தான் குடும்ப ஒழுங்கை மீறி எழுபத்தொரு வயதிலும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்காக உன் தலைமுறையிடம் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை.

வீட்டுக்குள் எங்களை 'பெரிசு', 'சிறிசு' என்று பிரித்துச் சமாளித்து வந்தோம். வெளியுலகத்துக்கு அந்த நுட்பம் புரியவில்லை. போன கோடையில் கீழ்த்தாடைக்குப் பல்செட் வைக்கப் போனேன். பல் டாக்டர் என் வாயைப் பார்ப்பதற்கு முன் திரையைப் பார்த்தார். "பால்பல்லுதான், விழட்டும், கவலைப்படாதீங்க. ஆறு மாசத்துல தானா முளைச்சிடும்" என்றார். படித்தவர் சொல்கிறாரே என்று நானும் கொஞ்ச நாள் காத்திருந்தேன். அதே வாரம் சிறிசுக்கு, பல்லைக் கழற்றி இரவில் தண்ணீரில் போட்டு வைக்கும்படி அங்கிருந்து செய்தி வந்தது. அவன் எவ்வளவோ முயன்று பார்த்தான். கழற்ற வரவில்லை என்று அழுதான். நூலகத்தில் என் அட்டை குழந்தைகள் பிரிவுக்கு மாறிவிட்டது. வரிவிதிப்பின் வரலாற்றில் இரண்டாம் பாகத்தை எடுக்கப் போனவனுக்கு, நூலகர் கனிவோடு யானைக் கதை ஒன்றைக் கொடுத்தார். நான் முன்பே எடுத்திருந்த முதல் பாகத்தை இத்தனை நாளாகத் திருப்பித் தரவில்லை என்று சிறிசுக்கு எச்சரிக்கை வந்தது. அதை அவன் வகுப்பில் எல்லோருக்கும் பெருமையாகக் காட்டினான். பள்ளிக்கூடம் அவனுக்குக் கொடுத்த அடையாள அட்டையில் என் படம் இருந்தது. வாசல் காவலாளி, "இது உன் படம் இல்லையேப்பா" என்று அவனைத் திருப்பி அனுப்ப, அவன் ஆனந்தமாக வீட்டுக்கு ஓடிவந்தான். கேட்டுவிட்டு வரலாம் என்று அட்டையை எடுத்துக்கொண்டு நான் போனேன். காவலாளி அட்டையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், "சீக்கிரம் போங்க, மணி அடிச்சாச்சு" என்று உள்ளே விட்டுவிட்டான். ஓய்வூதிய அலுவலகத்தில், நான் உயிரோடிருப்பதை நிரூபிக்கப் போனபோது, உயிரோடிருப்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை, வயதில்தான் சந்தேகம் என்றார்கள். "சார், உங்களுக்கு ஆறு வயசுன்னு காட்டுது. நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே ரிடையர் ஆயிருக்கீங்க" என்று அந்த அதிகாரி என்னைக் குற்றவாளியைப் போல் பார்த்தார்.

இவற்றையெல்லாம் நான் ரசித்தேன் என்றே வைத்துக்கொள். ஆனால் போன மாதம் சிறிசுக்குக் காய்ச்சல் வந்தபோது மருத்துவமனை மருந்தகத்திலிருந்து அவன் பெயரில் வந்த பொட்டலத்தில் என் ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் இருந்தன. உன் மனைவி எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கிறவளாக இருந்ததால் மாத்திரையைப் பார்த்ததும் அடையாளம் கண்டாள். உன் அம்மா கையில் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாமா, ஒரே வார்டுல ஒரே பேருல ரெண்டு பேர் இருந்தாலே நாங்க ஒவ்வொரு சீட்டையும் ரெண்டு தடவை சரிபாப்போம். இங்க ஒரே வீட்டுல இருக்கீங்க. இதுக்கு மேல என்னால முடியாது" என்றாள் உன் மனைவி. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இருவரில் ஒருவர் பெயர் மாறியே ஆக வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. எவர் பெயர் என்பதில்தான் உங்களோடு எனக்குச் சண்டை. நீங்கள் இருவரும், ஆள் சின்னவன், எதிர்த்து வாதாட மாட்டான் என்பதற்காக அவனைத் தேர்ந்தெடுத்தீர்கள். உலகத்தில் எல்லா அநியாயங்களும் இந்த வசதியை நம்பித்தான் நடக்கின்றன.

ஆனால் அவன் வாதாடினான். நீ கடலில் இருந்தாய், கேட்கவில்லை. நான் கேட்டேன். அவன் தன் பெயரை முழுதாக எழுதக் கற்றது இப்போதுதான். கற்ற வேகத்தில் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலும், என் செருப்பின் உட்புறத்திலும், உன் மனைவியின் வெள்ளை மேலங்கியின் முதுகிலும் எழுதி முடித்திருந்தான். சாப்பாட்டு மேசையின் அடியில் படுத்துக்கொண்டு பலகையின் கீழ்ப்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவனிடம் நானும் குனிந்து பேச்சுக் கொடுத்தேன்.

"சிறிசு, உன் பேரை மாத்தணும்கறாங்கடா."

"யாரு?"

"உன் அப்பா, அம்மா."

"ஏன்?"

"உனக்கும் எனக்கும் ஒரே பேரா இருக்கில்ல? ரெண்டு பேர்ல ஒருத்தர் மாத்திக்கணுமாம்."

அவன் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தான். "நீ மாத்திக்கோ தாத்தா. நான் இப்பதான் எழுதவே கத்துக்கிட்டேன். நீ எவ்வளவு நாளா இதையே எழுதற? உனக்கு போர் அடிக்கலையா?"

பெரிய வழக்குமன்றங்களில் கட்டுக்கட்டாக எழுதிய தீர்ப்புகளை நான் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு நியாயமாக ஒரு தீர்ப்பை நான் கேட்டதில்லை. மேசையின் அடியிலிருந்து நிமிரும்போது தலையில் இடித்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது முடிவு செய்தாகிவிட்டது. குடியிருப்பவன் பிடிவாதமாக இருக்கும் வரை புதிதாக வந்தவன் நிம்மதியாக இருக்க முடியாது. எனவே இந்தப் பெயரை நானே காலி செய்கிறேன். அவன் இருந்துகொள்ளட்டும்.

இதை அறிவித்ததும் வீட்டில் எதிர்ப்பு உன் அம்மாவிடமிருந்து கிளம்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏனென்றால் மணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதே கிடையாது. 'என்னங்க', 'இங்க பாருங்க', 'காது கேக்குதா' என்ற மூன்றை வைத்தே குடித்தனத்தை நடத்திவிட்டாள். வேறு யாராவது என் பெயரைக் கேட்டால்கூட என்னையே கூப்பிட்டுச் சொல்ல வைப்பாள்.

"என்னங்க, இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க புதுப் பேரு?" என்றாள்.

"உனக்கென்ன கவலை? நீதான் என் பேரைச் சொல்றதே இல்லையே."

"உங்களைச் சொன்னதில்ல. அவனைச் சொல்றேனே" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பேரன் பிறந்த நாள் முதல் அவள் அந்தப் பெயரை வாய் நிறையச் சொல்லி வருகிறாள். மற்றவர்களுக்குத்தான் அவன் சிறிசு. அவள் மட்டும் அவனை முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். 'ஒரு சாமானை எடுத்த இடத்துல வச்சா கை முறிஞ்சிடுமா?' 'கூப்பிட்டா காதுல விழாத மாதிரியே எப்படித்தான் நடிக்கறியோ!' 'உனக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்!' என்று என் பெயரை முன்னால் போட்டு, நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது, அவள் அவனைத் திட்டுவாள். பையனுக்குப் பாதி வசவுகள் பொருந்தவே பொருந்தா என்பதை நான் கவனித்திருந்தேன். வயதான காலத்தில் அவளுக்கு ஏதோ சந்தோஷம் என்று விட்டுவிட்டேன். இப்போது பெயர் என்னை விட்டுப் போய்விட்டால் அந்த வசவெல்லாம் வெறும் பையனுக்கு என்று ஆகிவிடும். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"உரிமையை விட்டுக்குடுக்க மாட்டேன்னு பையனே சொல்லிட்டான். நான் முடிவு பண்ணிட்டேன்" என்றேன்.

"பண்ணுங்க. எங்க போய் நிக்கறீங்கன்னு பாக்கறேன்" என்று சமையலறைக்குள் போனாள்.

நான் முதலில் போய் நின்றது உறுதிமொழிப் பத்திரம் எழுதும் வழக்கறிஞரிடம். மாடிப்படியின் அடியில் ஒரு மேசை, ஒரு தட்டச்சு இயந்திரம், இடுப்பில் கம்பி சுற்றிக் கட்டிய ஒரு மேசை விசிறி. அவரிடம் அச்சடித்த காரணங்கள் தயாராக இருந்தன: திருமணம், மணமுறிவு, மதமாற்றம், எண் ஜோதிடம், பெயரால் ஏற்படும் மன உளைச்சல். "எதுன்னு சொல்லுங்க, மத்ததை அடிச்சிடறேன்" என்றார்.

"பேரனுக்காக விட்டுக்கொடுக்கிறேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பெரியவரே, எங்கிட்ட ஒளிக்காதீங்க. போலீஸ் தேடுதா?"

"பல் டாக்டர் தேடுகிறார்" என்றேன். கடைசியில் மன உளைச்சலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்தார். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் அது உண்மையாகவே ஆகிவிட்டிருந்தது.

புதுப் பெயர் என்ன என்று கேட்டார். அதற்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உனக்கும் இதுவரை சொன்னதில்லை. என் பிரிவுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு கடிதம் வரும். பச்சை மை, சாய்வான கையெழுத்து. விலாசத்தில் இருக்கும் தெரு இருந்தது, அந்த வீட்டு எண் மட்டும் தெருவில் இருந்ததே இல்லை. அனுப்பியவர் யாரென்று கண்டுபிடிக்கப் பிரித்துப் பார்க்கலாம் என்பது விதி. பிரித்தால் உள்ளே 'நான் நலம், நீ எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வரிதான் இருக்கும், கையெழுத்துக்கூட இருக்காது. 'அப்படி ஒருவர் இல்லை' என்று ஒவ்வொரு ஆண்டும் முத்திரை குத்தியவன் நான். காத்திருப்புக் காலம் முடிந்ததும் கிழித்து மூட்டையில் போட்டவனும் நான். ஒரு வருடம் கடிதம் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை. அந்தப் பெயருக்கு ஒரு ஆள் இருந்திருக்கலாமே என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன். நம் குடும்பத்தின் இரண்டு சட்டைகளிலும் சேராத, யாரும் கழற்றிப் போடாத பெயர். அதைத்தான் எழுதச் சொன்னேன்.

அடுத்து, பத்திரிகையில் அறிவிப்பு. விளம்பரப் பிரிவில் இருந்த பெண், "வயசு போடலாமா சார்?" என்றாள். எழுபத்தொன்று என்றேன். "இந்த வயசுல எதுக்கு சார்?" என்றாள். "மிச்சமிருக்கிற நாளுக்குப் புதுசு ஒன்று உபயோகித்துப் பார்க்கலாமே என்றுதான்" என்றேன். அவள் சிரித்ததைப் பார்த்து, ஊரும் சிரிக்க வேண்டாம் என்று வயதை எடுத்துவிடச் சொன்னேன். பழைய பெயர், புதிய பெயர், விலாசம் மட்டும் வெளிவந்தது. பால்காரர் பார்த்துவிட்டு, "சின்னத் தம்பிக்குப் பேரு மாத்தியாச்சு போல" என்றார். நான் அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

பிறகுதான் பதிவு அலுவலகம். பெயர் மாற்றப் பிரிவு இரண்டாம் மாடியில், மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஏழு பேர் உட்கார்ந்திருக்க, கம்பிக்குப் பின்னால் ஓர் எழுத்தர் அம்மாள் இருந்தார். நல்ல பெண். ஆனால் பெயரை மாற்றிக்கொள்பவன் சாதாரணமாகத் தாயின் இடுப்பில் உட்கார்ந்து வருவான் என்பது அவருடைய அனுபவம்.

"பையனைக் கூட்டிட்டு வரலையா?"

"பையனே நான்தான்" என்றேன்.

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு, மரியாதைக்குச் சிரித்தார். "அப்பா அம்மா ரெண்டு பேரோட சம்மதமும் வேணும் ஐயா."

"அவர்கள் இருக்கும் விலாசத்துக்குத் தபால் விநியோகம் இல்லை" என்றேன்.

"வெளிநாடா?"

"அதற்கும் அப்பால்."

"கப்பல்ல இருக்கறவங்களுக்கே வாங்கிட்டு வராங்க ஐயா. முயற்சி பண்ணுங்க. அப்புறம் பிறப்புச் சான்றிதழ். அது இல்லாம நான் தொடவே மாட்டேன்."

எனக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து, இரும்பு அலமாரியின் மேல்தட்டில் இருந்த கோப்பைக் கண்ணாடி இல்லாமலேயே புரட்டினேன். கண்ணாடி சிறிசின் மூக்கில் இருந்தது. என்ன சொல்வேன், மகனே! ஒரு சான்றிதழ் அகப்பட்டது! கண்ணருகே வைத்துப் பார்த்ததில் பெரிய எழுத்தில் இருந்தவை தெரிந்தன: என் பெயர், என் தலைப்பெழுத்து, நம் வீட்டு விலாசம், என் அப்பாவின் பெயர், எல்லாம் எழுத்துக்கு எழுத்து சரி. என் பிறப்பையும் ஓர் அரசாங்கம் கவனித்துக் குறித்துவைத்திருக்கிறது என்பதை எழுபத்தொரு வயதில் அறிந்துகொண்டபோது நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. மேலே கண்ணாடித் தாள் ஒட்டி, நேற்று அச்சடித்ததுபோல் பளபளவென்று இருந்தது. அந்தக் காலத்து வேலைப்பாடு என்றால் அதுதான். இன்று யாருக்கு அந்தப் பொறுப்பு இருக்கிறது?

எல்லாக் காகிதங்களையும் உன் உறைக்குள்ளேயே திணித்து எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். நீ அனுப்பியதில் எனக்கு ஆன ஒரே உபயோகம் அந்த உறை; நல்ல தடித்த உறை. எழுத்தர் அம்மாள் உறையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். சான்றிதழைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "இப்படி வந்தா எங்களுக்கு என்ன பிரச்சினை ஐயா? எல்லாமே இருக்கு. நான் கேட்ட சம்மதம்கூட இருக்கு. எங்கயோ இருக்காங்க, முடியாதுன்னீங்க, வாங்கிட்டு வந்துட்டீங்களே! முத்திரையோட!" என்றார். எதைச் சொல்கிறார் என்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. ஆனால் அலுவலகத்தில் ஒருவர் திருப்தியாக இருக்கும்போது குறுக்கிட்டு விளக்கம் கேட்கக் கூடாது என்பது என் முப்பது வருடப் பாடம். உறுதிமொழிப் பத்திரத்தை மட்டும் அப்படியே தள்ளினார். "இது தேவையே இல்லை. யாரு உங்களை அலைய விட்டது?" என்றார். அந்த மாடிப்படி வழக்கறிஞரைப் பற்றி நான் அப்போது நினைத்ததை இங்கே எழுத முடியாது. கடைசியில், "காப்பாளர்னு போட்டிருக்கற இடத்துல கையெழுத்துப் போடுங்க" என்றார். எனக்குக் காப்பாளன் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்? நிமிர்ந்து நின்று போட்டேன். பழைய பெயரில் நான் போடும் கடைசிக் கையெழுத்து என்பதால் வால் சுழியைக் கொஞ்சம் தாராளமாகவே இழுத்துவிட்டேன்.

ஆணை தபாலில் வரும். வந்ததும் பல் டாக்டர், நூலகர், ஓய்வூதிய அதிகாரி, மருந்தகம் என்று ஒவ்வோர் இடமாகப் போய் நானே நீட்டப் போகிறேன். உன் மகனின் பெயர் உன் மகனுக்கே. அவன் பெயரில் இனி ஒரு மாத்திரையும் தவறி வராது. உன் மனைவி நிம்மதியாகத் தூங்கலாம். குளிர்சாதனப் பெட்டியின் கதவை யாரும் துடைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். பிள்ளையின் பெயரைக் கேட்காமல் கொள்ளாமல் மாற்றும் பெற்றோர் இருக்கலாம். அதற்குத் துணைபோகும் தாத்தா இந்த வீட்டில் இல்லை. நீ கோபப்படலாம். கப்பலிலிருந்து என்னென்ன முத்திரை வேண்டுமானாலும் குத்தி அனுப்பலாம். என்னைப் பணியவைக்க உன்னால் முடியாது. நீ பிறப்பதற்கு முன்பே நான் முத்திரை குத்தியவன்.

உன் கப்பல் போகும் கடலெல்லாம் அலை அடங்கி இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. இயந்திர அறைச் சூட்டிலிருந்து நேராக வந்து குளிர்ந்த நீரைக் குடிக்காதே என்று உன் அம்மா எழுதச் சொன்னாள். உன் மனைவிக்கு நீ எழுதும் கடிதங்கள் போதாதென்று தோன்றுகிறது, அதையும் கவனி. நால்வரின் வாழ்த்தும் உனக்கு எப்போதும் உண்டு. அதில் என் பங்கு மட்டும் சற்றுச் சூடாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(இந்தப் பெயரை மாற்ற எந்த அலுவலகத்துக்கும் அதிகாரம் கிடையாது)

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தபால்காரர் வந்தார். "உங்களுக்கா, சின்னவருக்கா?" என்று வழக்கம்போல் கேட்டார். "எனக்குத்தான்" என்று மார்பை நிமிர்த்திச் சொல்லி வாங்கிப் பிரித்தேன். மேற்படி விலாசத்தில் வசிக்கும் ஆறு வயதுடைய மைனர், பெற்றோர் இருவரும் எழுத்துமூலம் அளித்த சம்மதத்தின் பேரிலும், காப்பாளராகிய தாத்தாவின் விண்ணப்பத்தின் பேரிலும், இன்று முதல் புதிய பெயரால் அழைக்கப்படுவார் என்று ஆணையில் இருக்கிறது. கண்ணாடியோடு படித்தேன், கண்ணாடி இல்லாமல் படித்தேன். இரண்டு விதத்திலும் அப்படித்தான் இருக்கிறது. உன் மனைவி வந்து பார்த்துவிட்டு, "மாமா, அந்தச் சான்றிதழ் இவனோடது. நான்தான் வாங்கிட்டு வந்து பிளாஸ்டிக் போட்டு வச்சேன்" என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

சிறிசிடம் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மேசையின் அடியிலேயே போய்ச் சொன்னேன், தப்பு நடந்துவிட்டது, மனுப்போட்டு மாற்றிவிடலாம் என்று. புதுப் பெயரை ஒரு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தான். "இது யாரோட பேரு தாத்தா?" என்றான். "யாரோடதும் இல்லடா" என்றேன். "உன்னோடது இல்லையா? அப்பாவோடது? பெரிய தாத்தாவோடது?" "இல்லை." "அப்ப எனக்கே எனக்கா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் சாக்கட்டியை எடுத்தான். குளிர்சாதனப் பெட்டியில் இப்போது பழைய பெயரின் மேல் புதியது இருக்கிறது. ஆகவே நான் மேல்முறையீடு செய்யவில்லை. நீ சொன்னபடியே எல்லாம் நடந்துவிட்டது. ஆனால் நான் கீழ்ப்படிந்துவிட்டேன் என்று எங்கேயும் சொல்லிக்கொண்டு திரியாதே. நான் கடைசி வரை எதிர்த்தேன், அதற்கு மேலே உள்ள பக்கங்களே சாட்சி. அதற்காகத்தான் அவற்றைக் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் சமையலறையிலிருந்து உன் அம்மா, "எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று பழைய பெயரைச் சொல்லிக் கத்தினாள். பையன் தலையைத் தூக்காமல், "பாட்டி, அது இப்போ நான் இல்ல" என்றான். வீட்டில் அந்தப் பெயருக்கு மிச்சமிருந்தது நான்தான், எழுந்து போனேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "சரி, வந்தது வந்துட்டீங்க, இந்த டப்பா மூடியைத் திறந்து குடுங்க" என்றாள். திறந்து கொடுத்தேன்.